பழைய மடிக்கணினிக்கு ஒரு துபாஷி



நம்முள் பலருடைய இல்லங்களில் அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு பழைய மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக மாணவர் கையில் வந்து சேர்ந்தவை சில. பெற்றோர் வயிற்றைக் கட்டிச் சேமித்து, தவணை முறையில் வாங்கிக் கொடுத்தவை சில. வாங்கிய பிள்ளைகள் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிட்டனர். கணினி வீட்டிலேயே தங்கிவிட்டது.

இன்று இளைய பிள்ளைக்குப் படிப்பதற்கு ஒரு கணினி வேண்டும் என்ற தேவை எழும்போது அதைத் தூசி தட்டி எடுக்கிறோம். யாரோ ஒருவர் புதிதாக விண்டோஸ் நிறுவித் தருகிறார். திரை ஒளிர்கிறது. ஆனால் ஒலி வரவில்லை, வைஃபை தென்படவில்லை, எழுத்துகள் பருத்துத் தோன்றுகின்றன, விரலால் தடவும் டச்பேட் அசைய மறுக்கிறது. உடனே, "இது இனி உதவாது, பழைய விலைக்குப் போட்டுவிடுங்கள்" என்ற தீர்ப்பு பிறக்கிறது.

இத்தீர்ப்பு பல வேளைகளில் தவறானது என்பதையே இம்மாதம் நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம். கணினியின் உறுப்புகள் கெட்டுப்போகாமல் இருந்தும் அது ஊமையாகி நிற்பதுண்டு. அதற்குக் காரணம், இடையில் நின்று பேசவேண்டியவர் இல்லாமையே. அவரைத்தான் ஆங்கிலத்தில் டிரைவர் என்றும் தமிழில் இயக்கி என்றும் வழங்குகிறோம்.

இயக்கி என்பது யாது?

புதுச்சேரியில் துப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் அவருக்குத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை என்பதை வரலாறு கற்றோர் அறிவர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். ஆளுநருக்குத் தமிழ் தெரியாது. வணிகருக்குப் பிரெஞ்சு தெரியாது. துபாஷி இல்லாவிடில் இருவரும் அறிவுடையவராய் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

கணினிக்குள்ளும் இதுவே நிலை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம், "ஒலியை எழுப்பு", "படத்தைக் காட்டு" என்று பொதுவான கட்டளைகளையே பிறப்பிக்கும். ஒலிக்கும் படத்துக்கும் உரிய சில்லுகளோ நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுபவை; ஒவ்வொன்றுக்கும் தனி மொழி. பொதுக் கட்டளையை அந்தச் சில்லின் மொழிக்கு மாற்றி உரைக்கும் சிறு மென்பொருளே இயக்கி. அது இல்லாதபோது மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தும் சில்லு வாளாவிருக்கும்.

துபாஷி அரண்மனையின் உள்ளறை வரை செல்லும் உரிமை பெற்றவர் அல்லரோ? அதுபோல் இயக்கிகள் பலவும் இயங்குதளத்தின் கருவறையாகிய கெர்னல் என்ற பகுதியிலேயே இயங்குகின்றன. சாதாரண நிரல் தவறினால் அந்த நிரல் மட்டுமே மூடிக்கொள்ளும். அங்குள்ள இயக்கி தவறினாலோ கணினி முழுவதும் நீலத்திரை காட்டி வீழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான கோப்பு ஒன்றை, கெர்னலுக்குள் இயங்கும் அதன் பகுதி படித்தபோது, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் அன்று தடுமாறின. ஆதலால், இயக்கியைத் தேடுவது எவ்வளவு இன்றியமையாததோ, யாரிடமிருந்து பெறுகிறோம் என்பதும் அவ்வளவு இன்றியமையாதது.

பழைய கணினிக்கு ஏன் இந்தத் தொல்லை?

இயக்கியை எழுதுபவர் பெரும்பாலும் சில்லைச் செய்த நிறுவனத்தாரே. விற்று முடிந்த பழைய பொருளுக்குப் புதிதாக எழுதுவதால் அவர்களுக்கு வருவாய் இல்லை. எடுத்துக்காட்டாக, 2011-இல் வெளிவந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைச் செயலிகளில் உள்ள வரைகலைப் பகுதியை நோக்குவோம். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29 அன்று. நான்கே ஆண்டு மூத்த அந்த வரைகலைப் பகுதியை விண்டோஸ் 10-க்கான தன் ஆதரவுப் பட்டியலில் இன்டெல் சேர்க்கவில்லை. பழைய இயக்கியைக் கொண்டே அக்கணினிகள் காலம் தள்ளின.

மேலும், எழுதப்பட்ட இயக்கிகளும் என்றென்றும் கிடைத்துக்கொண்டிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. 2019 நவம்பரில் இன்டெல் தன்னுடைய பழைய டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றுக்குரிய கோப்புகளைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. இன்று கிடைப்பது நாளை கிடைக்காமற் போகலாம்.

அழிக்குமுன் காத்துக்கொள்க

பழுது பார்ப்பவர் முதலில் கூறுவது, "ஃபார்மட் செய்துவிடலாம்" என்பதே. இச்சொல்லுக்குத் தலையசைக்குமுன் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஃபார்மட் செய்தால் இரண்டு செல்வங்கள் ஒருங்கே அழிகின்றன. ஒன்று, திருமணப் படங்கள், மறைந்த பெரியோரின் குரல், பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகள் ஆகியன. இவற்றை வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்றைப் பலரும் நினைப்பதே இல்லை. அந்தக் கணினிக்கு ஏற்கெனவே பொருந்தி உழைத்துக்கொண்டிருந்த இயக்கிகள் அனைத்தும் அதற்குள்ளேயே இருக்கின்றன! சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறையைத் திறந்து, அதனுள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ்டோர், அதனுள் ஃபைல்ரெப்பாசிட்டரி என்று செல்க. அந்தக் கடைசிக் கோப்புறையை முழுமையாக ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைத்துக்கொள்க. சில ஜி.பி. அளவே அது கொள்ளும். விண்டோஸை மீண்டும் நிறுவிய பின் இணையத்தில் அலையாமல் இந்தப் படியிலிருந்தே பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறலாம். ஆனால் 32 பிட் விண்டோஸின் இயக்கி 64 பிட் விண்டோஸில் இயங்காது என்பதை நினைவிற்கொள்க.

நோய் நாடி அறிதல்

இயக்கி இல்லை என்று முடிவு கட்டுமுன் எளிய காரணங்களை விலக்க வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபையை அணைக்கும் சிறு விசை ஒன்று உண்டு. சிலவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசையில் உண்டு. பை உள்ளே வைக்கும்போது அது தள்ளப்பட்டிருக்கலாம். ஒலி இல்லையெனில் ஒலியளவு முடக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். விசையைத் தள்ளினால் தீரக்கூடியதற்கு எவருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அதன்பின், திரையின் கீழே உள்ள ஸ்டார்ட் பொத்தானின்மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் தோன்றும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் என்பதைத் திறக்க வேண்டும். கணினியின் உறுப்புகள் யாவும் அங்கே வரிசையாக நிற்கும். மஞ்சள் நிறத்தில் வியப்புக்குறி தாங்கி நிற்பவையே குறையுடையவை. அவற்றில் ஒன்றை இருமுறை அழுத்தினால் ஓர் எண் காட்டப்படும். 28 எனில் இயக்கி நிறுவப்படவில்லை என்று பொருள். இது மகிழ வேண்டிய செய்தி, ஏனெனில் மருந்து உண்டு. 10 எனில் சாதனம் தொடங்க இயலவில்லை. இயக்கி பொருந்தாமை காரணமாக இருக்கலாம். 43 எனில் சாதனமே தன்னிடம் கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. உறுப்பே பழுதாகியிருக்கவும் கூடும்.

"அறியப்படாத சாதனம்" என்று மட்டும் காட்டினால் மனம் தளர வேண்டாம். அதே பெட்டியில் டீட்டெயில்ஸ் என்ற பக்கத்தில் ஹார்டுவேர் ஐடீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீண்ட ஓர் அடையாளக் குறி கிடைக்கும். அதில் முதலில் வருவது செய்த நிறுவனத்தின் எண்; அடுத்து வருவது அந்தச் சில்லின் எண். 8086 என்றிருந்தால் அது இன்டெல் செய்தது. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. 1002 என்றிருந்தால் ஏ.எம்.டி. நிறுவனத்தின் வரைகலைச் சில்லு எனக் கொள்க. இந்த இரு எண்களையும் இணையத்தில் தேடினால் சில்லின் உண்மைப் பெயர் தெரிந்துவிடும். எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. கணினி தன் குறையைத் தானே எழுதிக் காட்டுகிறது.

எங்கிருந்து பெறுவது?

வைஃபை இயக்கி இல்லை, ஆகவே இணையம் இல்லை. இணையம் இல்லை, ஆகவே வைஃபை இயக்கியைப் பெற இயலவில்லை. திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர் நிலை இது! இதற்கு எளிய வழி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை மின்னேற்றும் வடத்தால் மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குக. வடம் தரவையும் கடத்தும் வகையினதாக இருத்தல் வேண்டும். இதற்கான இயக்கி விண்டோஸ் 10-இலும் லினக்ஸிலும் இயல்பாகவே உள்ளதால் உடனே இணையம் கிடைக்கும்.

இணையம் வந்ததும் முதலில் நாட வேண்டியது விண்டோஸ் அப்டேட். அதில் விருப்பப் புதுப்பித்தல்கள் என்ற பகுதிக்குள்ளும் இயக்கிகள் ஒளிந்திருக்கும். பாதிக் குறைகள் இதிலேயே தீர்ந்துவிடுவதுண்டு. எஞ்சியவற்றுக்கு மடிக்கணினியைச் செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தையே நாட வேண்டும். கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள தாளில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். டெல் நிறுவனம் இதைச் சர்வீஸ் டேக் என வழங்கும். தாள் அழிந்திருந்தால் கணினியை இயக்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் திரையிலும் காணலாம். விண்டோஸ் 10-க்கெனத் தனியே இயக்கி இல்லாவிடில், விண்டோஸ் 8.1-க்கோ 7-க்கோ தரப்பட்டது பல வேளைகளில் பொருந்தும். அங்கும் கிடைக்காதபோது சில்லைச் செய்த நிறுவனத்தின் தளத்துக்குச் செல்லலாம்.

ஒரு வாயிலை மட்டும் முற்றாக அடைத்துவிடுக. "உங்கள் இயக்கிகள் பழுதாகிவிட்டன, ஒரே அழுத்தில் அனைத்தையும் புதுப்பிக்கிறோம்" என்று ஆசை காட்டும் மென்பொருள்களை நாடாதீர்கள். அவற்றுள் பல தேவையற்ற பிறவற்றையும் உடன் இறக்கிவிட்டு, இறுதியில் கட்டணமும் கேட்கும். திரையில் எச்சரிக்கை தோன்றி ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால் அது வஞ்சகமே. முன்பின் அறியாதவர் தொலைபேசியில் அழைத்து, "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்றாலும் அவ்வாறே கொள்க. கருவறைக்குள் செல்லப்போகும் துபாஷியைத் தெருவில் நிற்பவரிடமிருந்து நாம் ஏற்பதில்லை.

நிறுவும் ஒழுங்கு

முதலில் சிஸ்டம் ரெஸ்டோர் என்ற வசதியை இயக்கி, மீட்புப் புள்ளி ஒன்றை அமைத்துக்கொள்க. பல கணினிகளில் அவ்வசதி அணைக்கப்பட்டே இருக்கும். பின்னர்ச் சிப்செட் இயக்கியை நிறுவுக; பிற உறுப்புகள் ஒன்றோடொன்று உறவாடும் வழிகளை அது சீராக்கும். அடுத்து வரைகலை, பின்பு வலையிணைப்பு, ஒலி, டச்பேட் என்ற வரிசையில் செல்லலாம். ஒவ்வொன்றாக நிறுவி, கேட்கும்போதெல்லாம் கணினியை அணைத்து இயக்குக. ஐந்தை ஒரே வேளையில் நிறுவிவிட்டு நீலத்திரை தோன்றினால் குற்றவாளி யார் என்பதை எங்ஙனம் அறிவது?

முன்னர்ப் படியெடுத்த கோப்புறையைப் பயன்படுத்துவோர், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, இயக்கியைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தேர்ந்து, கணினியிலேயே தேடுக என்ற வழியில் பென் டிரைவைக் காட்டினால் போதும். உரியதை விண்டோஸ் தானே தேர்ந்தெடுக்கும். புதிய இயக்கி ஒவ்வாவிடில், அதே சாதனத்தின் பெட்டியில் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் முந்தையதை மீட்டுத் தரும்.

நன்றாக உழைக்கும் இயக்கியைப் புதியது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. பயாஸ் புதுப்பித்தலையும் வேண்டாத வேளையில் தொடாதீர்கள். பழைய கணினியின் மின்கலம் வலுவிழந்திருக்கும். புதுப்பித்தலுக்கு நடுவே மின்சாரம் நின்றால் கணினி மீளாமலே போகலாம்.

மற்றுமொரு வழி

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ, ஒரு சில நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளை ஏற்பதில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைக் கையாள்வது அறிவுடைமை ஆகாது. இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல புகலிடம்.

இதன் வரலாற்றிலேயே இயக்கிக்கு ஓர் இடம் உண்டு. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அளித்தது. தாள் சிக்கும்போது பயனருக்குச் செய்தி அனுப்பும்படி அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார், அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன். முன்பிருந்த அச்சுப்பொறிக்கு அவர் அவ்வாறே செய்திருந்தார். ஆனால் புதியதன் மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. யாவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய மென்பொருள் வேண்டும் என்ற எண்ணத்தை அவருள் வலுப்படுத்திய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. 1983-இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இன்று அந்தக் கெர்னலுடனேயே ஆயிரக்கணக்கான இயக்கிகள் சேர்ந்து வருகின்றன. செய்த நிறுவனம் கைவிட்ட பொருளுக்கும் ஆர்வலர்கள் இயக்கியைப் பேணுகின்றனர்.

லினக்ஸ் மின்ட் போன்றதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் மாற்றாமலே கணினியை அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, வைஃபை கிடைக்கிறதா, கேமரா தெரிகிறதா என்று சோதித்தபின் முடிவு செய்யலாம். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபைச் சில்லுகள் சிலவும் என்விடியா வரைகலைச் சில்லுகளும் மட்டும் தனி இயக்கியைக் கோரலாம். மின்டில் உள்ள டிரைவர் மேனேஜர் அதைத் தேடித் தரும். அப்போது கைப்பேசி வழியான இணையம் கைகொடுக்கும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸில் ஊமையாயிருந்த ஒலி லினக்ஸில் ஒலித்தால், உறுப்பு நலமாக உள்ளது, குறை இயக்கியிலேயே என்பது ஐயமின்றித் தெளிவாகும். விண்டோஸே திறக்காத கணினியிலிருந்து படங்களையும் கோப்புகளையும் மீட்பதற்கும் இவ்வழி பல வேளைகளில் உதவும்.

கடைக்குச் செல்வோர்க்கு

இவற்றைத் தாமே செய்ய இயலாதோர் தயங்காமல் அறிந்தவரிடம் கொடுக்கலாம். ஆனால் மூன்று வினாக்களைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். "எங்கள் கோப்புகளை முதலில் படியெடுத்துத் தருவீர்களா? டிவைஸ் மேனேஜரில் எந்த எண் காட்டுகிறது? பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பார்த்தீர்களா?" நல்ல தொழிலாளி இவ்வினாக்களால் வருந்தமாட்டார், மதிப்பார். "போர்டு போய்விட்டது" என்று சொல்லப்பட்டால் எதனால் அவ்வாறு அறிந்தார் என்று பணிவோடு கேட்பதிலும் தவறில்லை.

எல்லாக் கணினிகளும் பிழைத்தெழும் என்று நாம் கூறவில்லை. வட்டு தேய்ந்ததும், போர்டு எரிந்ததும், மின்கலம் உப்பியதும் உண்டு. உப்பிய மின்கலம் தீப்பிடிக்கக் கூடியது; அதை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும். ஆனால் இயக்கி இல்லாத ஒரே குறைக்காக ஒரு கணினி குப்பைக்குச் செல்வது வீண். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த அறிக்கை கூறுகிறது. அக்குவியலில் நம் வீட்டுக் கணினியும் சேர வேண்டுமா என்பதை அரை நாள் பொறுமை முடிவு செய்யலாம்.

ஆகவே, வாசகர்களே, இம்மாத விடுமுறை நாள் ஒன்றில் அந்தப் பழைய மடிக்கணினியை மேசைமேல் வையுங்கள். கோப்புகளைக் காத்து, எண்ணைக் கண்டு, உரிய இடத்திலிருந்து இயக்கியைப் பெற்று, ஒவ்வொன்றாக நிறுவுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பொருளைத் தூக்கி எறியுமுன் அதன் குறையைக் கேட்டறியும் பழக்கம் அவர்களுக்கும் வாய்க்கட்டும்.